எழுந்து நின்று கேட்ட ஆர்கன்

செகந்திராபாத்தில் எங்கள் கோவிலுக்கு ஒரு வெள்ளைக்காரர் ஆர்கன் வாசிக்க வந்தார். ஒரு மெட்டைக் கொடுத்தால் அதையே அந்த இடத்தில் கற்பனையாக வளர்த்து வாசிப்பேன் என்றார். ஆராதனை முடிவில் நாங்கள் எழுந்து நின்று பாடும் துதிப் பாட்டைப் போதகர் பாடிக்காட்டினார்.

ஆர்கனில் முதல் அடி ஒலித்ததும் பழக்கத்தில் சபை மொத்தமும் எழுந்துவிட்டது. ஆர்கனுக்கு மேலே மாட்டிய கண்ணாடியில் அதைப் பார்த்த மனிதர் பூரித்துப்போய் வாசித்துக்கொண்டே இருந்தார். துதி ஒலிக்கும்போது முதலில் உட்கார யாருக்கும் துணிவில்லை. பக்கத்தில் என் மனைவி நிறைமாதம். ஆண்டவரே, இவருக்குக் கை வலிக்கட்டும் என்று ஜெபித்தேன்.

"நீ உக்காரு."

"நக்கோ, வேணாம், எல்லாரும் பாப்பாங்க."

"பிள்ளை இங்கயே பொறந்தா மட்டும் பாக்க மாட்டாங்களா?"

அவள் உட்கார்ந்தாள். அடுத்த நொடி கோவிலே பெருமூச்சோடு உட்கார்ந்தது. அவசரமாக ஆமென் வாசித்து முடித்தவர், தன் வாசிப்பில் எது பிடிக்கவில்லை என்று போதகரிடம் வருத்தத்தோடு கேட்டாராம்.