அழகம்மாளின் தொட்டில் இங்கிலீஷ்

அழகம்மாள் அக்கா இங்கிலீஷ் பேசினால் எனக்குச் சிரிப்பை அடக்க முடியாது. 1950களில் கோடைக்கானலில் ஓர் அமெரிக்கப் பாதிரியார் வீட்டு ஆயா அவள். அந்த வீட்டுக் குழந்தை ரூத்தைத் தவழ்ந்த நாளிலிருந்து வளர்த்தவள். சோறூட்டவும் தூங்க வைக்கவும் தாய்க்காரி சொன்னதெல்லாம் வாக்கியம் வாக்கியமாக அக்கா வாயில் ஏறிவிட்டது. தனித்தனியாக அர்த்தம் கேட்டால் தெரியாது. எந்த நேரத்துக்கு எது என்பது மட்டும் தெரியும்.

பாதிரியார் குடும்பம் கப்பலேறிய பிறகு, நாயுடுபுரத்தில் என் காய்கறிக் கடைக்குப் பக்கத்தில் பேரிக்காய் விற்றாள். ஒருநாள் பேரம் பேசாமல் வாங்கிய போலீஸ் அதிகாரியைப் பார்த்து, "குட் பாய்" என்றாள். அத்தனை பெரிய மீசைக்காரர் முகத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் விழித்தார்.

"பெரியவங்ககிட்ட அப்படிச் சொல்லக் கூடாதுக்கா" என்றேன்.

"பெரியவங்களுக்குன்னு தனி இங்கிலீஷா கெடக்கு? போலே, சோலியப் பாரு."

அறுபத்தொன்று ஐப்பசியில், அவள் தம்பி வீட்டு விசேஷத்துக்காக இருவரும் வெள்ளகவிக்கு நடந்து இறங்கிக்கொண்டிருந்தோம். பாதி வழியில் பனி மூடிக்கொண்டது. பாதையை விட்டு விலகி, பள்ளத்தின் மேல் நீட்டிக்கொண்டிருந்த பாறையில் கார்ட்டர் துரைசாணி நின்றாள். வயது அறுபதுக்கு மேல். பங்களாவில் தனியாக இருக்கும் வெள்ளைக்காரி. அவள் குரல் கேட்டால் நாய்கூட வாலைச் சுருட்டும். பனியில் வழி தவறி அங்கே ஏறியவளுக்கு, முன்னே எது பின்னே எது என்று தெரியவில்லை. ஓரடி மாறி வைத்தால் எலும்புகூடத் தேறாது. எனக்குத் தமிழே வாயில் வரவில்லை.

அக்கா தலைக்கூடையை இறக்கினாள். "லுக் அட் மீ" என்றாள், தாலாட்டுகிற குரலில்.

துரைசாணி தலையைத் திருப்பினாள்.

"சிட் டவுன்."

உட்கார்ந்தாள்.

"டோன்ட் க்ரை. ஐ ஆம் ஹியர்."

அதுவரை அழாதவள் அதைக் கேட்டதும் அழுதுவிட்டாள்.

"கம் டு மீ. ஒன் மோர். ஒன் மோர்." ரூத்துக்கு ஒவ்வொரு வாய்ச் சோற்றுக்கும் சொன்ன அதே சொல். அதற்குக் கட்டுப்பட்டு, ஊரையே அதட்டுகிற துரைசாணி கையும் காலும் ஊன்றித் தவழ்ந்து வந்தாள். பாஷை என்பது இதுதானா என்று மலைத்து நின்றேன்.

கை எட்டியதும் அக்கா இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். "குட் கேர்ல்" என்றாள்.

துரைசாணி பிடித்த கையை நாயுடுபுரம் வரை விடவில்லை. தம்பி வீட்டு விசேஷம் எங்களுக்கு இல்லாமல் போயிற்று.

அடுத்த வாரம் துரைசாணி வந்து பேரம் பேசாமல் பேரிக்காய் வாங்கினாள். பையில் போட்டுக்கொண்டபின்னும் நகராமல், அக்கா முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பெரியவங்களுக்குச் சொல்லலாமா என்பதுபோல் அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள்.

"சொல்லுக்கா" என்றேன்.