நின்று வரும் அலையும் படுத்து வரும் அலையும்

போனில் 'கேக்குதா, கேக்குதா' என்று கத்துகிறவர்களுக்காக வெயிலில் செல்போன் கோபுரத்தடியில் உட்கார்ந்திருப்பது என் வேலை. நீங்களும் கத்தியிருப்பீர்கள் என்பதால் சொல்கிறேன்.

ஒரே தட்டு, இரண்டு அலை

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிப் பக்கத்துக் கிராமம் ஒன்றின் கோபுரத்துக்கு ஒரே அலைவரிசையில் இரண்டு அலைகள் வருகின்றன. ஒன்று நின்றவாக்கில், மற்றது படுத்தவாக்கில். அவற்றை வாங்குகிற டிஷ் ஆன்டெனாத் தட்டு லேசாகச் சரிந்தாலும் ஒன்று மற்றதில் கலந்து இரைச்சலாகிவிடும். அதைக் கழிக்க ரிசீவருக்குள்ளேயே ஏற்பாடு உண்டு. சரிவு அதிகமானால் அதுவும் கைவிரித்துவிடும். ஆடிக் காற்றில் அதுதான் நடந்திருந்தது.

லேப்டாப்பைத் திறக்கும்போதே கோபுரத்துக்குப் பக்கத்து வீட்டு ஜமீலாக்கா வந்து நின்றார். அன்று பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு அவர் மகளுக்கு நிக்காஹ். சவூதியில் தம்மாமில் வேலை பார்க்கும் கணவர் வீடியோவில்தான் பார்க்க வேண்டும். அந்த ஊருக்கு வேறு கோபுரம் கிடையாது. முயற்சி செய்கிறேன் என்றேன்.

"முயற்சியெல்லாம் அவுகளும் பண்ணித்தான் லீவு கெடைக்கல. முடியும்னு சொல்லும்மா."

எந்தக் கம்மாய்?

கோபுரத்தின் மேலே எங்கள் கம்பெனியின் கருப்பையா அண்ணன் தட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருக, கீழே நான் இரைச்சலின் அளவைப் பார்த்துச் சொல்ல வேண்டும். காற்று எழும்பினால் அவரை இறக்கிவிட வேண்டும் என்பது விதி. கல்லூரியில் நான் 'உள்ளேன்' சொன்னதே முதல் பெஞ்சைத் தாண்டாது. அந்தக் குரலை வைத்துக்கொண்டு வலப்பக்கம் என்றேன். அவர் எனக்கு எதிர்ப்பக்கமாகத் திரும்பி நின்றிருந்தார். அவருடைய வலத்துக்குத் திருக, இருந்த சிக்னலும் போய்விட்டது.

இடம் வலம் வேண்டாம், அடையாளம் சொல் என்று மேலிருந்து கத்தினார். தட்டின் தலையைக் கம்மாய்ப் பக்கம் சாய்க்கச் சொன்னேன். மேலே மூன்று கம்மாய் தெரிகிறதாம். தண்ணீர் இல்லாத கம்மாய் என்றேன்.

"தாயி, மூணும் அப்படித்தான் கெடக்கு."

பஸ் போன பக்கம்

புழுதி எழும்ப ஆரம்பித்தது. அண்ணன் சட்டை உப்பிப் படபடத்தது. இறங்கச் சொல்ல வாயெடுத்தபோது ரோட்டில் திருச்சுழி பஸ் தெரிந்தது. "அண்ணே, பஸ்ஸு போற பக்கம்" என்று கத்தினேன். தட்டு மெல்லச் சாய்ந்தது. இரைச்சல் இறங்கியது, இன்னும் இறங்கியது. 'போதும்' என்று நான் போட்ட சத்தத்தில் கல்யாண வீட்டுப் பெண்கள் வெளியே வந்துவிட்டார்கள். அண்ணன் திருகாணியை இறுக்கிவிட்டுத் தரையில் கால் வைத்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

ஜமீலாக்கா என்னை விடவில்லை. கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனார். போனில் படம் கண்ணாடி மாதிரி இருந்தது. நிக்காஹ் முடியும்வரை அவர் கணவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு மாப்பிள்ளை வியர்வை துடைக்கத் தொப்பியைக் கழற்றினார். தம்மாமில் கண் துடைத்த கை அப்படியே நின்றது. சிக்னல் மறுபடி போய்விட்டதோ என்று வெளியே லேப்டாப்பை நோக்கி ஓடப் பார்த்தேன். அப்புறம் குரல் வந்தது.

"ஏ புள்ள, இத்தன நாளா வீடியோல பாத்தது சிக்னலு கோளாறுன்னுல்ல நெனச்சேன். மாப்பிள்ளைக்கு நெசமாவே முடி கெடையாதா?"

இரைச்சலைக் குறைப்பதுவரைதான் எங்கள் வேலை, குறைந்த பிறகு கண்ணில் படுகிறவற்றுக்குக் கம்பெனி பொறுப்பல்ல.