பிள்ளையார்பாளையத்தில் நான் கேட்ட கேள்வி

காலை எட்டரை மணிக்கு மாகறல் நிறுத்தத்தில் பேருந்து ஏறினேன். காஞ்சிபுரம் பதினெட்டு கிலோமீட்டர் என்பார்கள். கையில் ஒயர் கூடை. அதில் எங்கள் கொல்லையில் காய்த்த கத்தரிக்காய் இரண்டு கிலோ, மேலே ஒரு கட்டு முருங்கைக் கீரை. பெண்களுக்குச் சீட்டு இலவசம். ஆனாலும் நடத்துநர் ஒரு சீட்டைக் கிழித்துக் கொடுப்பார். அதை இறங்கும் வரைக்கும் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

காஞ்சிபுரம் போனேன் என்றால் எந்தக் கோயில், எந்தக் கடையில் புடவை என்றுதான் கேட்பார்கள். நான் கோயிலுக்கும் போகவில்லை, கடைக்கும் போகவில்லை. ஒருத்தி யாருக்கு ஓட்டுப் போடுவாள் என்று தெரிந்துகொள்ளப் போனேன்.

அது என்ன அப்படி ஒரு பயணம் என்று தோன்றும். சொல்கிறேன். என் வீட்டுக்காரர் ஒரு கட்சியின் கிளைச் செயலாளராக இருந்தார். பெரிய கட்சி இல்லை. தானாக ஆட்சிக்கு வந்ததில்லை. வருகிறவர்களோடு சேர்ந்து நிற்கும் கட்சி. ஒரு தேர்தலில் இவர்களோடு கூட்டணி, அடுத்ததில் அவர்களோடு. அதனால் கட்சி மாறாமலே எத்தனையோ சின்னத்துக்கு நான் ஓட்டுப் போட்டிருக்கிறேன். “சின்னம் யாருதா இருந்தா இன்னா, கொடி நம்மள்து” என்பார் அவர். அவர் போய் மூன்று வருஷம் ஆகிறது. கொடிக்கம்பம் என் வீட்டு வாசலில்தான் இன்னும் நிற்கிறது. அதைச் சுற்றி நின்றவர்கள் இல்லை. ஒருவர் ஆளும் கட்சிக்குப் போனார், இரண்டு பேர் எதிர்க்கட்சிக்குப் போனார்கள். ஊர்ப் பையன்கள் எல்லாரும் இப்போது புதிதாக வந்திருக்கிற, கத்தரிப்பூ ஊதாவும் வெள்ளையுமான கொடியின் பின்னால் போய்விட்டார்கள். என் மகன் ஸ்ரீபெரும்புதூரில் கம்பெனி வேலையில் இருக்கிறான், குடும்பமும் அங்கேதான். அவனுக்கு எந்தக் கொடியும் வேண்டாம்.

போன வாரம் தொலைக்காட்சியில் கருத்துக்கணிப்பு என்று போட்டார்கள். ஒரு வட்டத்தைக் காட்டி, அதைப் பிறந்தநாள் கேக்கு வெட்டுவதுபோல வெட்டி, இந்தத் துண்டு இவர்களுக்கு, அந்தத் துண்டு அவர்களுக்கு, போன மாதம் இங்கே இருந்த ஆதரவு இந்த மாதம் அங்கே நகர்ந்துவிட்டது என்று நான்கு பேர் உட்கார்ந்து பேசினார்கள். எங்கள் கட்சிக்கு என்று ஒரு துண்டும் இல்லை. கடைசியில் சாம்பல் நிறத்தில் ஒரு கீற்று. ‘மற்றவை’ என்று எழுதியிருந்தது. நான் பள்ளிக்கூடத்தில் மூன்றாவது வரைக்கும்தான் படித்தவள்; எழுத்துக் கூட்டிப் படித்து முடிப்பதற்குள் படத்தை மாற்றிவிட்டார்கள். ஆனால் படித்துவிட்டேன். நாங்கள் அந்தக் கீற்றுக்குள் இருக்கிறோமாம். அதற்குள் நான் ஒருத்திதான் உட்கார்ந்திருக்கிறேனா, வேறு யாராவது உண்டா?

வேறு யாராவது என்றால் அது தனபாக்கியம்தான். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் தறிக்கார வீடு. அவள் வீட்டுக்காரரும் என் வீட்டுக்காரரும் ஒரே கட்சி, ஒரே மேடை, ஒரே டீ கிளாஸ். அவரும் இப்போது இல்லை. தேர்தல் வந்தால் நாங்கள் இரண்டு பெண்களும் குங்குமச் சிமிழை எடுத்துக்கொண்டு ஓட்டுக் கேட்டு வீடு வீடாகப் போயிருக்கிறோம். என் வீட்டுக்காரர் காரியத்துக்கு வந்தவளை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. இதைப் போனில் கேட்க முடியாது. முகத்தைப் பார்த்துத்தான் கேட்க வேண்டும். அதற்காக அரக்கில் பச்சைக் கரை போட்ட புடவையைக் கட்டிக்கொண்டு கிளம்பினேன். எங்கள் கொடியின் நிறம் அது.

பேருந்தில் நடத்துநர் என் கூடையை எட்டிப் பார்த்தார். தெரிந்த பிள்ளைதான்.

“இன்னா ஆயா, கூடை நிறைய ஊதாக் கலரு? அந்தக் கட்சியில சேர்ந்துட்டியா?”

“கத்தரிக்காய்க்கு ஏதுடா கட்சி? வாயில போட்டா எல்லாம் ஒண்ணுதான்” என்றேன்.

முன் இருக்கையில் இருந்தவர் திரும்பி, “டிவில சொன்னான் பாத்தீங்களா, நம்ம பக்கம் எல்லாம் அவங்களுக்குத்தானாம்” என்றார்.

“உன்னாண்ட வந்து கேட்டானா?” என்றார் நடத்துநர்.

“என்னாண்ட கேக்கல.”

“என்னாண்டயும் கேக்கல. அப்ப யார்தான்யா சொல்றாங்க?”

பேருந்தே சிரித்தது. நானும் சிரித்தேன். என்னையும் யாரும் இதுவரைக்கும் கேட்டதில்லை.

பாலாற்றுப் பாலத்தில் வண்டி ஏறும்போது எல்லாரும் ஒரு தடவை வெளியே எட்டிப் பார்ப்பார்கள், தண்ணீர் இருக்கிறதா என்று. ஒரு ஓரமாகக் கொஞ்சம் ஓடியது. மீதியெல்லாம் மணலும் கருவேலமும். ஓரிக்கை தாண்டியதும் ஊர் நெருங்கிவிட்டது தெரிகிறது. மதில்சுவர் முழுவதும் வெள்ளையடித்துக் கட்சிப் பெயரை எழுதி, ‘இந்த இடம் எங்களுடையது’ என்று முன்கூட்டியே பிடித்து வைத்திருக்கிறார்கள். எங்கள் கட்சிப் பெயர் ஒரு சுவரிலாவது இருக்குமா என்று பேருந்து நிலையம் வரைக்கும் தேடிக்கொண்டே போனேன். ஒரு சுவரில் இருந்தது. அதன்மேல் ஜாதகம் பார்க்கிறவர் விளம்பரம் ஒட்டியிருந்தது.

ஒன்பதரைக்கு இறங்கினேன். பேருந்து நிலையத்தில் டீ பன்னிரண்டு ரூபாய். பிள்ளையார்பாளையத்துக்கு ஷேர் ஆட்டோ இருபது ரூபாய். மூன்று பேர் உட்காரும் இடத்தில் ஐந்து பேர். ஆட்டோக்காரர் கண்ணாடியில் ஊதாக் கொடி ஒட்டியிருந்தது, அதற்குப் பக்கத்திலேயே ஆளும் கட்சித் தலைவர் படம்.

“எந்தக் கட்சிப்பா நீ?” என்று கேட்டேன்.

“ஏர்ற ஜனம் எந்தக் கட்சியோ, நானும் அந்தக் கட்சிதாம்மா. எறங்கிட்டாங்கன்னா நான் பெட்ரோல் கட்சி.”

தனபாக்கியத்தின் தெருவுக்குள் நுழைந்தால் இரண்டு பக்கமும் தறிச் சத்தம். அவள் வீட்டில் முன்கட்டு முழுவதும் தறிதான். மகன் ஏழுமலை தறிக்குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தான். தலையை மட்டும் தூக்கி, “வாங்க பெரிம்மா” என்றான். தனபாக்கியம் உள்ளேயிருந்து ஓடிவந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். கத்தரிக்காயைப் பார்த்ததும், “இதுக்கு நீ வரணுமாக்கா? கடையில இல்லாத காயா?” என்றாள். வேறு எதற்கு வந்தேன் என்று அவளுக்குத் தெரியாது.

கேட்டுவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். காபி கொடுத்தாள், குடித்தேன். முட்டி வலி பற்றிப் பேசினாள், நானும் என் முட்டியைப் பற்றிச் சொன்னேன். மருமகள் ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். சாப்பாட்டுக்குத் தனபாக்கியமே கத்தரிக்காய் காரக்குழம்பு வைத்தாள். சாப்பிட்டு முடித்தும் நான் கேட்கவில்லை. சமைக்கிறது என்ன, பிள்ளைக்குச் சம்பளம் என்ன, இதெல்லாம் கேட்கலாம். யாருக்கு ஓட்டு என்று வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு எப்படிக் கேட்பது? நாங்கள் கேட்டதெல்லாம் வாசலில் நின்றுதான்.

இரண்டரை மணிக்கு மேல், எனக்குப் பதிலாக வேறொருத்தி வாசலில் வந்து நின்றாள். இருபது வயதுப் பெண். கழுத்தில் அடையாள அட்டை, கையில் டேப்லெட், முகமெல்லாம் வெயில்.

“அம்மா, கருத்துக்கணிப்பு எடுக்கறோம். அஞ்சு வீட்டுக்கு ஒரு வீடு. இன்னிக்குத் தேர்தல் நடந்தா யாருக்குப் போடுவீங்க? ஒருத்தர் சொன்னா போதும்.”

நான் தனபாக்கியத்தின் முகத்தையே பார்த்தேன். அவள் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்கவில்லை. உடுப்பைத்தான் பார்த்தாள். பெண் போட்டிருந்தது கத்தரிப்பூ நிறச் சுடிதார், வெள்ளைத் துப்பட்டா. இந்தத் தெருவில் பிறந்தவர்களுக்குக் கண் முதலில் போவது நிறத்துக்கும் கரைக்கும்தான்.

“உங்களுக்குத்தாம்மா!” என்றாள் வாய் நிறையச் சிரித்துக்கொண்டு. “இந்த வூட்டு மூணு ஓட்டும் உங்களுக்குத்தான். வெயில்ல நிக்காத, உள்ள வா.”

“எங்களுக்குன்னா?”

“அதாம்மா, உங்க கட்சிக்கு. ஊதாவுக்கு.”

பெண் குனிந்து தன் உடுப்பைப் பார்த்தாள். அப்புறம் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“ஐயோ ஆயா, நான் எந்தக் கட்சியும் இல்ல. இது ஆடித் தள்ளுபடியில எடுத்தது! அதான் காலையிலேர்ந்து இந்தத் தெருவுல எல்லாரும் ஊதா ஊதான்னு சிரிச்சுக்கினே சொன்னாங்களா? அலை அடிக்குதுன்னு எங்க சாருக்கு வேற போன் பண்ணிச் சொல்லிட்டேன்.”

தறிக்குள்ளிருந்து ஏழுமலை குரல் கொடுத்தான். “நாளைக்கு மஞ்சள் போட்டுக்கினு வாம்மா. அலை அந்தப் பக்கம் அடிக்கும்.”

“சரி, இப்ப நிஜமா சொல்லுங்க ஆயா. மாத்திக்கறேன்.”

“நிஜமாத்தான்மா சொன்னேன். போட்டது போட்டதாவே இருக்கட்டும். மோர் குடிக்கிறியா?”

பெண் மோர் குடித்தாள். நான் நிமிர்ந்து உட்கார்ந்து, “என்னைக் கேளும்மா. நான் ஒளிவுமறைவு இல்லாம சொல்றேன்” என்றேன்.

“உங்க ஓட்டு எங்க ஆயா?”

“மாகறல்.”

“அது வேற தொகுதி ஆயா. நான் இங்க மட்டும்தான் எடுக்கணும்” என்று சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு அடுத்த ஐந்தாவது வீட்டுக்குப் போய்விட்டாள்.

அவள் போனதும் தனபாக்கியத்திடம், “ஏன் அப்படிச் சொன்னே?” என்றேன்.

“வாசல்ல வந்து நின்னு கேக்கறவங்களாண்ட இல்லன்னு எப்பிடிக்கா சொல்றது? தண்ணி கேட்டா இல்லன்னு சொல்லுவோமா? நீயும் நானும் குங்குமம் எடுத்துக்கினு போனமே, இந்தத் தெருவுல ஒருத்தி இல்லன்னு சொல்லியிருப்பாளா? அத்தினி பேரும் உங்களுக்குத்தான்னாங்க. உன் வூட்டுக்காரரும் என் வூட்டுக்காரரும் தெருவே நம்மள்துன்னு துள்ளிக்கினு இருந்தாங்க. பொட்டியத் தொறந்தப்பதான தெரிஞ்சுது?” அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “ஆரத்தித் தட்டு வூட்டுக்கு ஒண்ணுதான்க்கா. வர்றவங்களுக்கெல்லாம் அதையேதான் சுத்தறோம்.”

நானும் சிரித்தேன். அந்தத் தோல்விகளை நினைத்து அன்றைக்கு அழுதிருக்கிறேன். இப்போது அவளோடு சேர்ந்து சிரிக்க நன்றாகத்தான் இருந்தது.

நான்கு மணிக்குக் கிளம்பினேன். ஆட்டோ நிற்கும் முனை வரைக்கும் கூடவே வந்தாள். காலிக் கூடையில் ஒரு டப்பா காரக்குழம்பும் இரண்டு முழம் மல்லிகையும் போட்டிருந்தாள். எனக்குப் பூ எதற்கு என்றால், வீட்டுச் சாமிக்கு என்றாள். முனையில் ஆட்டோ இன்னும் வரவில்லை. பக்கத்தில் யாரும் இல்லை. இதை விட்டால் வேறு நேரம் இல்லை என்று கேட்டேவிட்டேன்.

“தனம், நெசமா சொல்லு. நீ யாருக்குப் போடுவே?”

என் புடவைத் தலைப்பு தோளிலிருந்து நழுவியிருந்தது. அவள் அதை எடுத்து மேலே போட்டு, பச்சைக் கரையை விரலால் நீவிவிட்டாள். அப்புறம் நிமிர்ந்து சிரித்தாள்.

“உங்களுக்குத்தான்க்கா.”

என்னை அவள் ‘நீ’ என்றுதான் பேசுவாள். அந்தப் பெண்ணிடம் சொன்ன அதே குரல், அதே சிரிப்பு. ஆட்டோ வந்துவிட்டது. ஏறிக்கொண்டேன்.

திரும்பும் பேருந்தில் எனக்கு ஜன்னலோர இடம் கிடைத்தது. பக்கத்தில் உட்கார்ந்த பெண் ஏறினதும் தூங்கிவிட்டாள். பாலாற்றில் அந்தக் கொஞ்சம் தண்ணீரில் வெயில் சாய்ந்து கிடந்தது. அவள் சொன்னது நிஜமா, மரியாதையா என்று பாலத்தின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரைக்கும் யோசித்தேன். இரண்டும் ஒன்றாகவே இருக்கலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றும். மறு நிமிஷம் தோன்றாது.

ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்து விளக்குப் போட்டேன். பூவைச் சாமிக்கு வைத்தேன். குழம்பைச் சுடவைத்துச் சாப்பிட்டேன். தொலைக்காட்சியில் மறுபடியும் அந்த வட்டம். காஞ்சிபுரம் பக்கம் ஊதா ஏறியிருக்கிறது என்றார்கள். அந்த ஏற்றத்தில் ஒரு தெரு எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். மீதித் தெருக்கள் எப்படி என்று தெரியாது. அணைத்துவிட்டு வாசலில் வந்து நின்றேன்.

காஞ்சிபுரத்துக்கும் என் ஊருக்கும் என்ன வித்தியாசம் என்றால் இதுதான். அங்கே எல்லாரையும் கேட்கிறார்கள், எல்லாரும் சொல்கிறார்கள், ஒருவருக்கும் தெரிவதில்லை. இங்கே என்னை யாரும் கேட்பதில்லை. வாசலில் கம்பம் நிற்கிறது; இவள் யாருக்குப் போடுவாள் என்று எல்லாருக்கும் தெரியும். ஓட்டுக் கேட்டு வருகிறவர்கள்கூட என் வீட்டைத் தாண்டித்தான் போகிறார்கள்.

அந்தப் பெண் என்னைக் கேட்டிருந்தால் தலை நிமிர்ந்து எங்கள் கட்சிப் பெயரைச் சொல்லியிருப்பேன். அவளுக்குச் சொல்ல வேண்டிய பதில் அது. தனபாக்கியம் திருப்பி என்னைக் கேட்பாள், ‘நீ யாருக்குக்கா?’ என்பாள் என்று ஆட்டோ கிளம்பும் வரைக்கும் காத்திருந்தேன். கேட்டிருந்தால், இந்தத் தடவை எனக்கே தெரியவில்லை தனம் என்று சொல்லியிருப்பேன். அதைச் சொல்ல எனக்கு வேறு ஆள் இல்லை.