சுமைதாங்கியடியில் கிடைத்த சும்மாடு

பேய், ஆவி என்று யாராவது கதையைத் தொடங்கினால், தேநீர்க் கோப்பையைத் தூக்கிக்கொண்டு எழுந்து போய்விடுகிற ஆள் நான். பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். வடமராட்சிக் கரையில் கடலுக்குப் போகிற குடும்பம் எங்களுடையது. அப்பாவும் அம்மாவும் எதிலும் பெருவிரலை வைத்துத்தான் ஒப்பமிடுவார்கள். அந்த வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் போய், பல்கலைக்கழகமும் போன முதல் ஆள் நான் என்று சொல்ல எனக்கு ஒருநாளும் கூச்சம் இருந்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனிச் சொல்லப்போவதைக் கேட்டுவிட்டு, விபரம் தெரியாத பெண் எதையோ பார்த்துப் பயந்துவிட்டாள் என்று நீங்கள் நினைக்கக்கூடாது. பயந்தது உண்மைதான், அது வேறு.

கடற்கரை மணலில் ஓடிப் பழகிய கால் எனக்கு. கலியாணம் கட்டி நீர்வேலிக்கு வந்த பிறகும் விடவில்லை. இங்கே எனக்கென்று ஒரு பாதையை நானே கண்டுபிடித்தேன். வாழைத் தோட்டங்களுக்கு நடுவே செம்மண் ஒழுங்கை, அது முடிய ஒரு பனங்கூடல், பிறகு மிஷன்காரர் கட்டிய, இப்போது கூரை போய்ச் சுவர் மட்டும் நிற்கிற தேவாலயம், அதைத் தாண்டி வயல்வெளி, வெளியின் கரையில் ஒரு கேணி, இடிந்த மடம், மடத்துக்கு முன்னால் சுமைதாங்கி. அங்கிருந்து திரும்பி வேறு ஒழுங்கையால் வீடு. முதல் முதல் நான் ஓடியபோது தோட்டத்தில் தண்ணீர் கட்டிக்கொண்டு நின்றவர்கள், யாரோ என்னைத் துரத்துகிறார்கள் என்று நினைத்து மண்வெட்டியோடு ஒழுங்கைக்குப் பாய்ந்து வந்தார்கள். பிறகு பழகிவிட்டது. ஒருநாள் சுணங்கினால், "என்ன டீச்சர், இண்டைக்கு நித்திரையாப் போனியளோ" என்று கேட்பார்கள்.

சுமைதாங்கி தெரியும்தானே? ஆளுயரத்துக்கு இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைக் குறுக்கே போட்டிருப்பார்கள். தலைச்சுமையோடு வருகிறவர்கள் ஒருவர் உதவியும் இல்லாமல் சுமையை அதில் தள்ளி வைத்து இளைப்பாறலாம். வயிற்றில் பிள்ளையோடு செத்துப்போன பெண்ணின் நினைவாகத்தான் அதைக் கட்டுவார்கள். போகிறவர் வருகிறவர் சுமையை இறக்க இறக்க, இறக்காமலே போன அவளுடைய சுமையும் குறையுமாம். அதனால் பிள்ளை வயிற்றில் இருக்கிற பெண்கள் அந்தப் பக்கம் போகமாட்டார்கள். சுற்றி வேறு ஒழுங்கையால் போவார்கள். நானோ அதன் தூண் கல்லில் ஒரு காலை ஊன்றிக் கெண்டைக்கால் நரம்பை இழுத்துவிடுவேன். கல் கல்தானே என்ற எண்ணம்.

நான் சொல்லவந்த சம்பவத்துக்கு முந்தின வருடம் எனக்கு ஒரு பிள்ளை தங்காமல் போனது. ஓட்டத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று டொக்டர் தெளிவாகச் சொன்னார். ஊர் அதைக் கேட்குமா? ஒரு கலியாண வீட்டில், என் காதில் விழவேண்டும் என்றே ஒருத்தி சொன்னாள், "ஓடி ஓடியே கரைச்சுப் போட்டாள்." மாமி, அதாவது என் கணவரின் தாய், வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் என் சப்பாத்து அலுமாரிக்கு மேலே ஏறிவிட்டது. சில மாதம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஒருநாள் கதிரை வைத்து ஏறி எடுத்தேன். எனக்குப் பிள்ளையும் வேண்டும், ஓட்டமும் வேண்டும். இரண்டில் ஒன்றுதான் என்று யாரும் சொல்லாமலே எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அது மார்கழி மாதம், ஒரு சனிக்கிழமை. விடிந்துவிட்டது, ஆனால் பனி மூடி முன்னால் இருக்கிற பனை கூடத் தெரியவில்லை. தேவாலயச் சுவரைத் தாண்டும்போதே இடுப்புக்குப் பின்னால் நாரி உளைந்தது, தலையும் இலேசாகச் சுற்றியது. நிற்கலாம் என்று தோன்றியது, நின்றால் கலியாண வீட்டுக்காரி சொன்னது சரியாகிவிடும் போல ஒரு வீம்பு, ஓடினேன். அப்போதுதான் பின்னால் சத்தம் கேட்டது. வெறுங்கால் நடக்கிற சத்தம், கூடவே காய்ந்த ஓலை உரசுகிற சத்தம். திரும்பிப் பார்த்தேன். தலையில் ஒரு பெரிய காவோலைக் கட்டோடு ஒரு பெண் வந்துகொண்டிருந்தார். விறகுக்குக் கொண்டுபோகிறார் என்று நினைத்து முன்னே பார்த்து ஓடினேன். சற்றுப் போய்த் திரும்பினால் அதே தூரத்தில் அவர். நம்பினால் நம்புங்கள், நான் ஓடுகிறேன், அவர் நடக்கிறார், அதுவும் கைவீசி ஆறுதலாக நடக்கிறார், எங்கள் இருவருக்கும் இடையிலிருந்த தூரம் கூடவுமில்லை குறையவுமில்லை. என் வயதில் ஒரு பெண் காவோலை சுமந்து நான் இந்தப் பக்கத்தில் கண்டதே இல்லையே என்பதும் அப்போது எனக்குத் தோன்றவில்லை.

சுமைதாங்கியடியில் என் கால் தானாக நின்றது. அவர் பக்கத்தில் வந்தார். தலைச்சுமையோடு ஒருவர் வந்தால் நிற்கிறவர் ஒரு கை கொடுப்பது எங்கள் ஊர்ப் பழக்கம், யோசித்துச் செய்வதில்லை. நான் கட்டைப் பிடிக்கக் கையை உயர்த்தினேன். அவர் சட்டென்று விலகினார்.

"நீ பிடியாதை பிள்ளை. இப்ப நீ பாரம் தூக்கக் கூடாது."

"ஏன் அக்கா?"

அவர் ஓலைக்கட்டைக் கல்லின் மேல் மெதுவாகத் தள்ளி வைத்தார். மூச்சை விட்ட விதத்தைக் கேட்டிருந்தால் நீங்களும் எவ்வளவு தூரத்திலிருந்து வந்தவரோ என்றுதான் நினைத்திருப்பீர்கள். பிறகு சுமைக்கு அடியில் தலையில் சுருட்டி வைத்திருந்த சும்மாட்டை எடுத்து, கீழே கற்படியில் வைத்தார்.

"ஈரக் கல்லிலை இராதை. இதிலை இரு."

அந்தத் துணிச் சுருணையில் இருந்தேன். தலை சுற்றியதால் முழங்காலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். தலைக்கு மேலே அவருடைய குரல் கேட்டது.

"ஓட வேண்டாம் எண்டு சொல்லேல்லை. இந்தமுறை ஆறுதலாப் போ."

நிமிர்ந்தேன். யாரும் இல்லை. காவோலைக் கட்டும் இல்லை. வெளி முழுக்கப் பனி, ஒரு காலடிச் சத்தம் இல்லை. எழுந்து குறுக்குக் கல்லைத் தடவிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் பனியில் நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது, நடுவில் மட்டும், கட்டு இருந்த அகலத்துக்கு, கல் காய்ந்திருந்தது.

சும்மாட்டைக் கையில் பிடித்தபடி நடந்தே வீட்டுக்கு வந்தேன். தலை சுற்றியது என்றதும் கணவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு நேரே மருந்துக் கடைக்குப் போய்க் கர்ப்பப் பரிசோதனைப் பட்டியை வாங்கி வந்தார். எனக்கே தெரியாத விஷயம் அதில் இரண்டு கோடாக நின்றது.

மாமி குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். சுமைதாங்கியடிக்கே போய் நின்றேன் என்றால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும், இருந்தாலும் எல்லாவற்றையும் சொன்னேன். சும்மாட்டை வாங்கி முகர்ந்து பார்த்தார்.

"ஓட வேண்டாம் எண்டு சொன்னவவோ?"

"இல்லை மாமி. ஆறுதலாப் போகச் சொன்னவ."

"உண்மையாத்தான் சொல்லுறியோ? உன்ரை வசதிக்கு மாத்திச் சொல்லேல்லையே?"

"ஓம் மாமி, உண்மையாத்தான்."

"அப்ப ஆறுதலாப் போ. நான் சைக்கிளிலை பின்னாலை வாறன்."

கிளினிக்கில் மிட்வைஃப் அக்காவும் மெதுவாக என்றால் போகலாம் என்றார். அந்த மாதங்கள் முழுவதும் நான் முன்னால் நடையும் ஓட்டமுமாகப் போக, மாமி லேடீஸ் சைக்கிளில் பின்னால் வந்தார். தோட்டக்காரர்கள் கேலி செய்யாமல் விடவில்லை. "இப்ப மாமியார்தான் துரத்துறாவோ டீச்சர்?" மாமியும் சளைக்கவில்லை. "ஓமடா, பிடிபட்டால் உன்னட்டைத்தான் தண்ணி கட்ட விடுவன்." ஆட்டுக்கு ஒரு புல்லுக்கட்டை வழியில் அறுத்து, தானே தலையில் வைத்துச் சுமைதாங்கி வரைக்கும் கொண்டுபோய், அதில் இறக்கி, சற்று நின்று, பிறகு சைக்கிள் கரியரில் கட்டுவார். நேரே கரியரில் கட்டலாமே என்று நான் கேட்கவில்லை. நானும் அந்தக் கல்லில் கால் ஊன்றுவதை விட்டுவிட்டேன்.

மகள் சுகமாகப் பிறந்தாள். இப்போது வீடு முழுக்கத் தவழ்கிறாள். நான் பழையபடி ஓடுகிறேன். பக்கத்து ஒழுங்கையிலிருந்து இரண்டு பெண்கள் சேர்ந்திருக்கிறார்கள், அதில் ஒருத்தி அந்தக் கலியாண வீட்டுக்காரியின் மருமகள்.

சும்மாடு அலுமாரியில் இருக்கிறது. நைந்துபோன சேலைத் துணி, வேறொன்றுமில்லை. ஆனால் எப்போது தொட்டாலும் அதன் நடுவில் இளஞ்சூடு இருக்கிறது. பள்ளிக்கூட ஆய்வுகூடத்திலிருந்து வெப்பமானி கொண்டுவந்து வைத்துப் பார்த்தேன், அறையின் வெப்பம்தான் காட்டியது. கையை வைத்தால் சூடு தெரிகிறது. இதற்கு என்ன விளக்கம் என்று என்னிடம் கேட்காதீர்கள்.

நேற்று மாமியையும் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். வைத்த கையை அவர் உடனே எடுக்கவில்லை.

"அவ தன்ரை சுமையை இப்பதான் இறக்கியிருக்கிறா" என்றார்.