அடிக்காத தட்டு

பட்டாளத்தில் இருக்கும் மகன் ஜக்பீர் மலைக்காவலுக்கு மேலே ஏறுவதற்கு முன் இன்னும் ஒரே ஒரு தடவைதான் கூப்பிடுவான் என்று ரிசால் சிங் காலையிலேயே சொல்லிவிட்டார். பனிமலைக்குப் போய்விட்டால் மூன்று மாதம் போன் கிடையாது. இதை அவர் மருமகள் ராஜ்வந்தியிடம் சொல்லவில்லை. எருமையைப் பார்த்துச் சொன்னார். அந்த வீட்டில் மாமனார் மருமகளிடம் பேசுவது அப்படித்தான். ராஜ்வந்தி முக்காட்டை மார்புவரை இழுத்துவிட்டுக்கொண்டு சாணியை அள்ளினாள்.

கல்யாணமாகி நான்கு வருடம். ஜக்பீரோடு இருந்த காலத்தை அவள் வயலை வைத்துத்தான் ஞாபகம் வைத்திருந்தாள். ஒரு கோதுமை அறுப்பு. ஒரு கடுகுப் பூ. மழைக்கு முந்தைய புழுக்கத்தில் ஒரு லீவு. வந்த புதிதில் விருந்தாளி மாதிரி கூச்சப்படுவான். கூச்சம் தெளிவதற்குள் டிரங்குப் பெட்டியை மூட வேண்டியிருக்கும். கட்டிலில் அவன் எந்தப் பக்கம் படுப்பான் என்பதைக்கூட ஒவ்வொரு லீவிலும் புதிதாகத் தெரிந்துகொண்டாள்.

மகள் தன்னு பிறந்தபோதும் அவன் ஊரில் இல்லை. அந்த ஊரில் ஆண்பிள்ளை பிறந்தால் மொட்டைமாடியில் ஏறிப் பித்தளைத் தட்டை அடிப்பார்கள். தெருவே கேட்கும். மூத்த மருமகள் சுமித்ராவின் இரண்டு பையன்களுக்கும் அடித்த தட்டு அடுப்படிச் சுவரில் தொங்கியது. கரண்டி பட்ட இடமெல்லாம் குழி. தன்னுவுக்கு யாரும் அதைத் தொடவில்லை.

இப்போது தன்னுவுக்கு இரண்டு வயது ஆகப்போகிறது. பேச்சு வரவில்லை. பின்னால் நின்று எருமை கத்தினாலும் திரும்பவில்லை. தடுப்பூசி போட வந்த நர்ஸ் கதவுக்குப் பின்னால் நின்று கை தட்டிப் பார்த்தாள். பாத்திரத்தைக் கீழே போட்டுப் பார்த்தாள்.

"ரோத்தக் பெரிய ஆஸ்பத்திரியில காட்டு. நாளைக்கு நாளைக்குன்னு தள்ளாத. தள்ளத் தள்ளப் பிரயோசனம் கொறஞ்சிரும்."

ராஜ்வந்தி மாமியார் தன்பதியிடம் சொன்னாள். தன்பதி சிரித்தாள்.

"என் ஜக்பீரே மூணு வயசுலதான் வாயத் தொறந்தான். இப்ப அவன் போடுற சத்தத்துல மலை சரியுது. பொட்டப்புள்ள பேசாம இருந்தா யாருக்கு என்ன நஷ்டம்?"

"காது கேக்கலை மா."

"உனக்கு மட்டும் கேக்குதா? எருமைக்குத் தண்ணி காட்டுன்னு எத்தன தடவ கத்துறேன்."

இரண்டு நாள் கழித்துத் தன்பதியே அடுப்பருகே வந்து உட்கார்ந்தாள். "உன் மாமனார்கிட்ட சொன்னேன். அவன் புள்ள, அவன் சொல்லட்டும்னுட்டார்."

"அப்ப அவர்கிட்ட சொல்லுங்க."

"மேல போறவன்கிட்டயா? புத்தி கெட்டுப் போச்சா உனக்கு?"

அதுதான் அந்த வீட்டுச் சட்டம். ரிசால் சிங் பட்டாளத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லையில் நிற்பவனுக்கு வீட்டிலிருந்து நல்ல சேதி மட்டும்தான் போக வேண்டும் என்பார். அவருடைய கம்பெனியில் ஒருவனுக்குப் பிள்ளைக்கு அம்மை என்று கடிதம் வந்ததாம். மறுநாள் அவன் கால் வைக்கக் கூடாத இடத்தில் கால் வைத்தான். அவரோடு ஹுக்கா புகைக்க யார் வந்தாலும் இந்தக் கதை வந்துவிடும். ஒரு எருமை செத்ததும், கொல்லைச் சுவர் விழுந்ததும், தன்பதிக்குக் கண் ஆபரேஷன் நடந்ததும் ஜக்பீருக்குத் தெரியாது. "எல்லாரும் சுகமா?" என்பான். "சுகம்" என்பார்கள்.

ராஜ்வந்தி அந்தக் கதையை நம்பினாள். பனியில் அவன் கால் எடுத்து வைப்பதை நினைக்காமல் ஒரு நாளும் அவள் ரொட்டி தட்டியதில்லை. ஆனால் மூன்று மாதம் என்பது தன்னுவுக்கு எவ்வளவு என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

வீட்டுக்கு ஒரே போன். அது மாமனாரின் சட்டைப்பையில் இருக்கும். முகம் பார்த்துப் பேசுகிற போன். முதலில் அவர் பேசுவார், பிறகு தன்பதி, பிறகு பையன்கள். கடைசியில் ராஜ்வந்தியின் பக்கம் தன்பதி போனைத் திருப்பிப் பிடிப்பாள். மாமனார் முற்றத்திலேயே இருப்பார். முக்காட்டைத் தூக்க முடியாது, குரலும் எடுக்க முடியாது. ஜக்பீருக்குத் தெரிவது ஒரு மஞ்சள் துணி. "சாப்பிட்டியா?" என்று அந்தத் துணியைக் கேட்பான். துணி தலையாட்டும்.

"அக்கா, நீங்களாவது சொல்லுங்களேன்" என்றாள் சுமித்ராவிடம்.

"நானா? அவர் முன்னாடி நான் வாயத் தொறந்தா ஹுக்காவே அணைஞ்சிரும்" என்றாள் சுமித்ரா. பிறகு சிரிப்பை விட்டுவிட்டு, "நீ என்னதான் செய்யப்போற?" என்றாள்.

ராஜ்வந்தி சுவரில் தொங்கிய தட்டைப் பார்த்தாள்.

உச்சி வெயிலில் போன் வந்தது.

"ராம் ராம், பாப்பு" என்று அப்பாவைக் கும்பிட்டான் ஜக்பீர்.

"ராம் ராம். குளிர் எப்படி?"

"மூச்சு விட்டா மீசையில உறையுது. பொழுது சாயறதுக்குள்ள ஏறுறோம். எல்லாரும் சுகமா?"

"சுகம். நெய் அனுப்பியிருக்கேன்."

தன்பதி பேசினாள், அழுதாள், அழவில்லை என்றாள். பையன்கள் சல்யூட் அடித்தார்கள். பிறகு போன் ராஜ்வந்தியின் பக்கம் திரும்பியது.

"சாப்பிட்டியா?"

துணி தலையாட்டவில்லை. ராஜ்வந்தி தன்னுவைத் தூக்கிப் போனுக்கு எதிரே கயிற்றுக் கட்டிலில் உட்கார வைத்தாள். அடுப்படிக்குள் போய்த் தட்டோடும் கரண்டியோடும் வந்தாள். குழந்தையின் தலைக்குப் பின்னால் நின்று ஓங்கி அடித்தாள்.

வேப்பமரத்துக் கிளிகள் எழும்பின. எருமை கயிற்றை இழுத்தது. பையன்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

"அடேயப்பா!" என்று சிரித்தான் ஜக்பீர். "என்ன மா, நம்ம வீட்டுல யாருக்குப் பையன் பொறந்திருக்கு?"

ராஜ்வந்தி மறுபடி அடித்தாள், இன்னும் பக்கத்தில். தன்னு கட்டில் கயிற்றில் பிரிந்திருந்த ஒரு நாரை இழுத்துக்கொண்டிருந்தாள். கண்கூட இமைக்கவில்லை.

ஜக்பீரின் சிரிப்பு மெல்ல நின்றது. திரைக்கு மிக அருகே வந்தான்.

"இன்னொரு தடவ அடி" என்றான்.

அடித்தாள்.

"போனைப் பாப்புகிட்ட" என்றான் ஜக்பீர். வாய் பாதி திறந்தபடி படம் உறைந்து நின்றது. பிறகு இருட்டானது.

ரிசால் சிங் போனை வாங்கித் திரும்பத் திரும்ப அழுத்தினார். கிடைக்கவில்லை. கட்டிலிலிருந்து எழுந்தார்.

"மலையேறப் போறவனுக்கு என்னத்தைக் காட்டினா இவ? கேளு."

தன்பதி ராஜ்வந்தியின் பக்கம் திரும்பினாள். "பாவி, என் புள்ளய என்ன பண்ணிட்ட?"

"அவன் எறங்கி வரட்டும். வந்தப்புறம் பேசிக்கலாம்னு சொல்லு" என்றார் ரிசால் சிங்.

ராஜ்வந்தி தட்டை அடித்தாள். நிறுத்தவில்லை. அடுத்த வீட்டு மாடியில் ஒரு தலை எட்டிப் பார்த்தது. பிறகு தெரு முழுக்கத் தலைகள்.

"தன்பதி சாச்சி, யாருக்குப் பையன்? மூச்சே விடலையே நீங்க!"

"லட்டு எங்க?"

"கீழ நின்னு அடிக்கிறா பாரு. மேல ஏறி அடிம்மா!"

தன்பதி தட்டைப் பிடுங்கப் பார்த்தாள். ராஜ்வந்தி விலகி அடித்தாள். முக்காட்டுக்குள் வியர்வை கண்ணில் இறங்கியது. அவளுக்கே காது அடைத்துப்போயிற்று. ஜக்பீர் இந்நேரம் பூட்ஸை இறுக்கிக்கொண்டிருப்பான். இந்தச் சத்தத்தைத் தலைக்குள் வைத்துக்கொண்டு ஏறுவான். அதை நினைத்தபோது இன்னும் பலமாக அடித்தாள்.

"நிறுத்தச் சொல்லு" என்றார் ரிசால் சிங்.

அடித்தாள்.

அவர் குழந்தையைப் பார்த்தார். தன்னு மாடிகளில் திடீரென்று முளைத்த முகங்களைப் பார்த்துக் கை நீட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவர் வெகுநேரம் பார்த்தார்.

"காலையில ரோத்தக் போலாம்னு சொல்லு."

தட்டு நின்றது.

"எத்தன மணிக்கு பஸ்?"

ரிசால் சிங் முதலில் மனைவியின் முகத்தைப் பார்த்தார். அவள் வாய் மூடியிருந்தது. பிறகுதான் முக்காட்டின் பக்கம் திரும்பினார். நான்கு வருடத்தில் அந்தக் குரலை அவர் கேட்டதில்லை.

"ஆறரை" என்றார். எருமையைப் பார்க்கவில்லை.

தட்டு இன்னும் அதிர்ந்துகொண்டிருந்தது. ராஜ்வந்தி அதை வயிற்றோடு சேர்த்து அழுத்திப் பிடித்தாள். மாடிகளில் யாரோ ஒருத்தி, "பையன் இல்லயாம்டி" என்று சொல்வது கேட்டது. தலைகள் ஒவ்வொன்றாக மறைந்தன.

அன்று முழுக்கப் போன் வரவில்லை.

மறுநாள் பஸ்ஸில் ராஜ்வந்தி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். தன்னு மடியில் எழுந்து நின்று கண்ணாடியில் மூச்சு விட்டு, அதை விரலால் அழித்துக்கொண்டிருந்தாள். ரிசால் சிங் நடுவழிக்கு அந்தப் பக்கத்து சீட்டில் இருந்தார். பஸ் குலுங்கும்போதெல்லாம் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். முக்காட்டுக்குள்ளிருந்து ராஜ்வந்தியும் அந்தப் பையைத்தான் பார்த்துக்கொண்டு வந்தாள்.