சிலிக்கேட் குப்பியில் ஏழு கோடுகள்

மக்களே, கல்ஃபிலிருந்து வரும்போதெல்லாம் உங்களுக்குப் பேனாவும் சோப்பும் கொண்டுவருகிற மாமனை, உங்கள் அம்மையின் அண்ணனை, நான் ஒரு மாதம் சதிகாரன் என்று நினைத்திருந்தேன். அவனிடம் சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை. நீங்களாவது அறிந்திருக்க வேண்டும் என்று எழுதுகிறேன்.

குன்னத்துகாலில் நாம் இருந்த பத்து சென்ட், குடியிருப்பவனுக்கே மனை என்ற குடிகிடப்புச் சட்டத்தில் கிடைத்தது. அதை விட்டுக்கொடுக்க வேண்டிவந்த முதலாளியே வேலிக்கு அப்பால் ஷெட் போட்டு, சுவருக்குள் மின்கம்பி நுழைக்கும் வெள்ளைப் பீங்கான் குழாய் செய்தார். மிச்ச நிலமும் சட்டத்தில் போகாமல் இருக்கத்தான் ஷெட் என்று ஊரில் பேச்சு. அவர் எங்களை நம்பவில்லை. நாங்களும் அவரை நம்பவில்லை. ஆனால் வேலை அங்கேதான் இருந்தது.

மாமன் சாந்து கூட்டுகிறவன். நான் பிரஸ்ஸில் பிழிகிறவன். பீங்கான் பொடியை வெறும் தண்ணீரில் கொட்டினால் கட்டிகட்டியாகச் சேரும். கண்ணில் படாத கட்டிகள்தான் அதிகம். அதனால் முதலில் தண்ணீரில் சிலிக்கேட் என்ற பாகு போன்ற மருந்தை அளந்து விடுவான். பிறகு பொடியைத் தூவித் தூவிக் கலக்குவான். அப்போது பொடி ஒன்றையொன்று பிடிக்காமல் விலகி நிற்கும், கொஞ்சத் தண்ணீரிலேயே சாந்து வழவழக்கும். கடைசியில் பிடிப்புக்காகக் கஞ்சித் தண்ணீர். பிசைந்து, ஈரச்சாக்குப் போட்டு மூடி, மறுநாள் என்னிடம் தருவான். நான் இடியாப்பம் போல அச்சு வழியே பிழிவேன். தண்ணீர் கூடிப்போனால் குழாய் காயும்போது சுருங்கி வெடிக்கும்.

அந்தச் சமயம் மாமனுக்குக் கல்ஃபில் ஓடு செய்யும் ஒரு கம்பெனியில் ஆள் எடுப்பதாகத் தகவல் வந்தது. வேலை தெரியும் என்று முதலாளி கையெழுத்திட்ட கடிதம் ஒன்று வேண்டும், அவ்வளவுதான். போவதற்கு முன் சாந்துக் கூட்டை எனக்குப் படிப்பித்துவிட்டுப் போகும்படி முதலாளி சொன்னார்.

அவன் படிப்பிக்கத் தொடங்கிய வாரமே குழாய்கள் வெடிக்கத் தொடங்கின. அச்சிலிருந்து வரும்போதே நாய் கடித்தது போல ஓரம் பிய்ந்து வந்தது.

"எலே, இது இன்னும் வெள்ளம் கேக்குதே," என்று அவன் மேலும் தண்ணீர் ஊற்றிச் சாந்தில் விரலை விட்டுப் பார்ப்பான். "பொடி கொள்ளாது. மொதலாளி விலை கொறஞ்ச பொடிச்சாக்கு எடுத்திருக்காராக்கும்."

நான் தலையாட்டினேன். மனசுக்குள் வேறு கணக்கு ஓடியது. போகிறவன் சரியான அளவை மறைத்துவிட்டு, தப்பான கூட்டை என் தலையில் கட்டிவிட்டுப் போகிறான். சிலிக்கேட் குப்பியில் ஒட்டியிருந்த காகிதத்தில், அவன் கண்ணில் படாத பக்கம், ஒவ்வொரு சாயங்காலமும் மருந்து நின்ற மட்டத்தில் பென்சிலால் கோடு போட்டேன். ஏழு நாள், ஏழு கோடுகள். கோடுகளுக்கு நடுவே இடைவெளி நாளுக்கு நாள் கூடியது. அவன் எனக்குச் சொன்ன அளவைவிட அதிகமாக ஊற்றிக்கொண்டிருந்தான். இனி என்ன சாட்சி வேண்டும்?

முதலாளியிடம் போய்ச் சொன்னேன். அவர் கடிதத்தை எழுதாமல் நிறுத்தினார். மாமன் கேட்டபோது, "கொழா பூரா வெடிச்சிக் கெடக்கு. சோலி தெரியும்னு நான் எப்பிடிக் கையொப்பிடுவேன்?" என்றார். திங்கட்கிழமைக்குள் கடிதம் போகாவிட்டால் அந்த வேலை வேறொருவனுக்கு. மாமன் திரும்பி வந்து ஈரச்சாக்கை உதறிப் போட்டான். அவன் முகத்தைப் பார்க்காமல் இருக்க நான் அச்சைக் கழுவினேன்.

வெள்ளிக்கிழமை, கஞ்சித் தண்ணீர் வாளியை நம் வீட்டிலிருந்து நானே எடுத்துக்கொண்டு போனேன். முன்பெல்லாம் அது சாயாக்கடையிலிருந்து வரும். கடைக்காரனும் கல்ஃபுக்குப் போய்க் கடையைப் பூட்டிவிட்டதால் கொஞ்ச நாளாக உங்கள் அம்மைதான் வடித்துக் கொடுத்தாள். வெயிலில் தாகமெடுத்து, வேலியோரம் நின்று ஒரு கை அள்ளிக் குடித்தேன். நல்ல உப்பு.

திரும்பிப் போய் உங்கள் அம்மையிடம் கேட்டேன்.

"பின்ன? உப்பில்லாத கஞ்சி வெள்ளம் பசுவுக்கில்லா குடுப்பாவ," என்றாள். "ஆம்பிளையள் சோலி செய்யிய எடம். என்னைப் பத்தி என்ன நெனப்பாவ?"

"குடிக்கியதுக்கு இல்ல. சாந்துல ஊத்த."

"மண்ணுலயா? நீங்க என்னிட்ட ஒரு வாக்கு பறஞ்சியளா?"

சொல்லவில்லைதான். கூட்டு விவரம் வெளியே போகக் கூடாது என்பது முதலாளியின் கட்டளை. பெண்டாட்டியிடம்கூட நான் ஷெட்டுக்கு வேண்டும் என்று மட்டும்தான் சொல்லியிருந்தேன்.

இரண்டு கிளாஸில் பொடியும் தண்ணீரும் சிலிக்கேட்டும் ஒரே அளவில் கலக்கினேன். ஒன்றில் உப்புப் போட்டேன். போடாதது பாலாகவே நின்றது. போட்டதில் பொடி திரண்டு அடியில் இறங்கி, மேலே தண்ணீர் தெளிந்தது. சாந்து இறுகியதால்தான் மாமன் தண்ணீரும் கூட்டியிருக்கிறான், மருந்தும் கூட்டியிருக்கிறான். எனக்குச் சொல்லித்தந்த அளவு சரியான அளவுதான்.

இரண்டு கிளாஸையும் முதலாளி முன் வைத்து, உப்பு எங்கள் வீட்டுக் கஞ்சித் தண்ணீரில் வந்தது என்றேன். அவர் கிளாஸைவிட என்னைத்தான் அதிகம் பார்த்தார்.

"பத்து சென்டும் எழுதி வாங்கியாச்சு. இனி ஷெட்டும் பூட்டணும், இல்லியா?"

"அறியாம செஞ்சதாக்கும், மொதலாளி. அவனுக்கு அந்தக் கடிதாசைக் குடுக்கணும்."

உப்பில்லாமல் ஒரு கூட்டுப் பிழிந்து, குழாய் பிய்யாமல் வந்ததைத் தடவிப் பார்த்த பிறகுதான் பேனாவைத் திறந்தார்.

மாமன் சிரித்தான். "உப்பு தின்னவன் வெள்ளம் குடிப்பான். மண்ணு தின்னாலும் குடிக்கும் போலிருக்கு, மக்கா! தங்கச்சி கைப்புண்ணியம்." பிறகு என்னைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். நான் கோள் சொன்னதை முதலாளி அவனிடம் சொல்லிவிட்டாரோ என்ற சந்தேகம் எனக்கு இன்றும் உண்டு.

"வாறேன்," என்று பாறசாலை பஸ்ஸில் அவன் ஏறிப் போன அன்று, எல்லோரும் சாப்பிடப் போன நேரம் நான் ஷெட்டுக்குள் போனேன். சிலிக்கேட் குப்பியைத் திருப்பி, கட்டைவிரலை ஈரச்சாக்கில் நனைத்து, ஏழு கோடுகளையும் காகிதம் உரிந்து வரும்வரை தேய்த்தேன்.