பிஸ்கட் வாங்காத ரீட்டா அக்கா

ரீட்டா அக்கா இறந்துவிட்டார். செவ்வாய்க்கிழமை காலை காசிமேட்டில் மீன் கூடையை இறக்கி வைத்தவர், அப்படியே உட்கார்ந்தாராம், எழுந்திருக்கவில்லை. கோவில் உபதேசியார் போன் செய்தபோது நான் கடையில் கயிறு நிறுத்துக்கொண்டிருந்தேன். எடை போட்டு முடித்து, வந்த ஆளை அனுப்பிவிட்டுத்தான் ஷட்டரை இறக்கினேன். இதில் மறைக்க ஒன்றுமில்லை. கை அதன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. மற்றதெல்லாம் பிறகுதான் வந்தது.

நம் பங்குக் கோவிலில் அவரை அறியாதவர் இல்லை. ஒவ்வொரு மே மாதமும் எண்ணூர் முகத்துவாரத்துக் குப்பத்துக்குப் பத்து நாள் மறைப்பணிக்குப் போகும் குழுவுக்கு அவர்தான் சமையல். காலையில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி, மாலையில் வீடு வீடாக ஜெபம். நான் முதலில் போனது என் மனைவி இறந்த மறுவருடம். பக்தி என்று சொன்னால் பொய். மகன் தோஹாவில் இருக்கிறான். வீட்டில் நான் போடும் சத்தம்தான் எனக்குக் கேட்கும். அங்கே படகுக்காரர்கள் அதிகம், நாலு வாடிக்கை பிடிக்கலாம் என்ற எண்ணமும் இருந்தது. நான் வேனில் ஏறியதுமே அக்கா அதைக் கண்டுபிடித்துவிட்டார்.

“இன்னா கயித்துக்காரரே, ஏசு கூப்ட்டாரா, கஸ்டமர் கூப்ட்டானா?”

“ரெண்டு பேரும்தான்க்கா.”

“அப்ப ரெண்டாளு வேல செய்யி” என்று தண்ணீர் ட்ரம்மை என் தலையில் கட்டினார்.

வகுப்பு முடிந்து வரும் பிள்ளைகளுக்கு டம்ளரில் மொண்டு கொடுக்க வேண்டும். முதல் நாள் வெயிலில் தண்ணீர் கொதித்தது. மறுநாள் ட்ரம்மைச் சுற்றி ஈரச் சாக்கைக் கட்டி வைத்தேன். யாரும் கவனிக்கவில்லை என்றுதான் நினைத்தேன். மூன்றாம் நாள் மத்தியானம், எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகு, ஜெனிபர் என்ற ஏழு வயதுப் பெண் வெயிலில் தனியாகத் திரும்பி வந்தாள்.

“தாத்தா, நேத்து தண்ணி ஜில்லுன்னு இருந்துச்சு.”

கடைக்குள் நுழைந்ததும் ஒருவன் சரக்கைப் புகழ்ந்தால், அடுத்து விலையைக் குறைக்கச் சொல்வான். என் முப்பது வருட அனுபவம் அது. “சரி, இன்னா வோணும், சொல்லு” என்றேன்.

“ஒண்ணும் வோணாம். நேத்து தேங்க்ஸ் சொல்ல மறந்துட்டேன். அதான் வந்தேன்.”

நான் நம்பவில்லை. இரண்டு பிஸ்கட் பாக்கெட்டை நீட்டினேன். அவள் முகம் சுருங்கிவிட்டது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். பிறகு ஓடியே போனாள். மறுநாள் வகுப்புக்கு வரவில்லை.

அடுப்படியிலிருந்து எல்லாவற்றையும் பார்த்திருந்த அக்கா என்னை விடவில்லை. “கொயந்த அம்மாந்தூரம் வெயில்ல வந்து குடுத்துச்சு. நீ அத்த வாங்காம வெல போட்டு அனுப்பிட்ட. போ, போயி வாங்கிகினு வா.”

“போயி இன்னாக்கா சொல்றது?”

“வெறுங்கையோட போ. தானா வரும்.”

அனல்மின் நிலையத்துச் சாம்பல் குழாயை ஒட்டியே நடந்து போனேன். ஜெனிபர் வாசலில் அம்மாவோடு இறால் உரித்துக்கொண்டிருந்தாள். “நீ வந்து சொன்னது எனக்கு சந்தோஷமா இருந்துச்சும்மா” என்றேன். ஏற இறங்கப் பார்த்தாள். “சரி தாத்தா. ஆனா மொத நாளு ரொம்ப சுட்டுச்சு” என்றாள்.

அந்தப் பிள்ளைகள் அப்படித்தான். பந்தை எடுத்துப் போட்டவருக்கும், பெயரை மறக்காமல் கூப்பிட்டவருக்கும் தேடி வந்து நன்றி சொல்வார்கள். சொல்லிவிட்டு நிற்கமாட்டார்கள், விளையாடப் போய்விடுவார்கள்.

எனக்கு அது எளிதில் வரவில்லை. வருடா வருடம் எல்லாருக்கும் பரிமாறிய பிறகு அக்கா எனக்கென்று மீன் தலையை எடுத்து வைத்திருப்பார். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்து யாரையாவது திட்டிக்கொண்டிருப்பார். மற்ற நாளெல்லாம் தனியாகச் சாப்பிடுகிறவனுக்கு அது எவ்வளவு பெரியது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மிக்ஸி ஒன்று வாங்கி அனுப்பினேன். போன ஆட்டோவிலேயே திரும்பி வந்தது. பின்னாலேயே போன்: “எனக்கும் பிஸ்கட்டா?”

போன மே மாதம் திரும்பும்போது, திருவொற்றியூரில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே வேன் நின்றுவிட்டது. “அக்கா, இந்த அஞ்சு வருஷம் நீ மட்டும் இல்லன்னா...” என்று தொடங்கினேன். பாதியிலேயே விட்டுவிட்டு, ஜன்னல் வழியாக லாரிகளை எண்ணினேன்.

“முழுசா சொல்லுய்யா, வாங்கிக்கிறேன்.”

“அடுத்த வருஷம் சொல்றேன்க்கா.”

சிரித்துவிட்டு நிபந்தனைகள் போட்டார். சரி என்றேன்.

அடக்கத்துக்குப் பெரிய ரோஜா மாலை வாங்கிப் போனேன். பெட்டியின் மேல் வைக்கும்போதுதான் உறைத்தது, இதுவும் பிஸ்கட்தான் என்று. சொல்ல வேண்டியது வாய்வரை வந்தது. வாங்கிக்கொள்ள அவர் இல்லை.

வரும் மே மாதம் வேன் கிளம்பும். சமையலுக்கு வேறு யாராவது வருவார்கள். ஜெனிபர் இப்போது பெரிய பெண். அக்கா எங்கே என்று என்னைத்தான் கேட்பாள். போகாமல், அரிசியும் எண்ணெயும் அனுப்பிவிட்டு இருந்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். ஆனால் அக்காவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அன்று வேனில் பேசி முடித்த பேச்சு ஒன்றுதான். பாதியில் விட்ட வாக்கியத்தை இனி ஜெனிபரிடம்தான் முடிக்க வேண்டும். நான் சரி என்று ஒப்புக்கொண்டதை அக்கா சொன்னபடியே எழுதுகிறேன்:

“ஆள அனுப்பக் கூடாது. சாமான் அனுப்பக் கூடாது. நீயே வந்து, வாயத் தொறந்து, முழுசா சொல்லணும்.”